மோட்டார்ஹோமுக்கும் வேலைக்கும் ஒரே டீசல் டிரக் சேஸி: எதை நம்பி வாங்கலாம்?

கேள்வி இதுதான். ஒரு வாசகர் டெக்சஸில் வேலி போடும் தொழில் செய்கிறார். வார நாட்களில் ஸ்கிட் ஸ்டியர் (சின்ன மண்வாரி வண்டி) ஏற்றிய டிரெய்லரை இழுக்க வேண்டும், டிரெய்லரோடு சேர்த்து 12,000 பவுண்டு. தூரத்து வேலைகளில் அங்கேயே தங்க வேண்டும், விடுமுறையில் குடும்பத்தோடு போகவும் வேண்டும். பழைய மீடியம் டியூட்டி (நடுத்தர எடை) டிரக் சேஸி, அதாவது கேபினும் இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், வாங்கி, பின்னால் வீடு கட்டிக்கொள்ளத் திட்டம். ஃபோர்டு எஃப்-550, ஜிஎம் கோடியாக், இன்டர்நேஷனல் 4300, ஃப்ரெய்ட்லைனர் எம்2 106 ஆகிய நான்கில் எது நீண்ட நாள் உழைக்கும் என்று கேட்கிறார்.

அவருக்கு என் பதில் இது. கம்பெனிப் பெயரைக் கடைசியில் பார்ப்போம். ஒரே எம்2 106 கேபினுக்குக் கீழே கேட்டர்பில்லர், மெர்சிடீஸ், கம்மின்ஸ், டெட்ராய்ட் என்று நான்கு கம்பெனி இன்ஜின்கள் வந்திருக்கின்றன. இன்டர்நேஷனல் 4300-லும் பத்து லட்சம் மைல் பெயரெடுத்த இன்ஜினும் உண்டு, மூன்றே ஆண்டில் முதலாளியைக் கடனாளி ஆக்கிய இன்ஜினும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டிய வரிசை: எடை, இன்ஜின் எந்த ஆண்டின் புகை விதிப்படி செய்தது, இன்ஜின், கியர்பாக்ஸ், அது இதுவரை வாழ்ந்த வாழ்க்கை. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். மோட்டார்ஹோம் நின்று நின்று கெடும். வேலை டிரக் ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் மட்டும் ஓடி ஓடிக் கெடும். உங்கள் வண்டி இரண்டையும் செய்யப்போகிறது.

முதலில் எடை. எஃப்-550-ன் மொத்த எடை வரம்பு அதிகபட்சம் 19,500 பவுண்டு. டீசல் கேப் சேஸி மட்டும் சுமார் 8,000 என்று கொள்வோம், மீதி 11,500. கட்டும் வீட்டைச் சிக்கனமாகவே போட்டு 7,000 என்று வையுங்கள். 100 கேலன் தண்ணீர் 834 பவுண்டு. ஆட்களும் சாமானும் 1,200. ஜெனரேட்டரும் பேட்டரியும் 700. டிரெய்லர் கொக்கியில் இறங்கும் எடை பொதுவாக டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், 12,000-க்கு 1,500 என்று வைத்தால் கூட்டுத்தொகை 11,234. மிஞ்சுவது 266 பவுண்டு. ஒரு வெல்டிங் மெஷினும் நாலு கட்டு கம்பியும் ஏற்றினால் தீர்ந்தது. கொக்கி பின் ஆக்சிலுக்கு வெகு பின்னால் இருப்பதால் அந்த 1,500 பின் ஆக்சிலில் 1,500-ஆக நிற்காது. நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்கி, தூக்கிய எடையையும் பின்னாலேயே சேர்க்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் ஆக்சில் வரம்பைத் தாண்டிய வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் தாண்டுகின்றன. எஃப்-550 நல்ல டிரக்தான், இந்த வேலைக்குச் சிறியது. கோடியாக் சி4500, சி5500 இரண்டுக்கும் இதே கணக்குதான். உங்களுக்குத் தேவை 26,000 பவுண்டு வகை, அல்லது முன்னால் 12,000, பின்னால் 21,000 ஆக்சில் போட்ட 33,000 வகை.

இங்கே லைசென்ஸ் விஷயத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சொந்த உல்லாசப் பயணத்துக்கு மட்டும் என்றால் மத்திய சிடிஎல் (வணிக ஓட்டுநர் உரிமம்) விதி மோட்டார்ஹோமைத் தொடாது. ஆனாலும் டெக்சஸில் 26,000-க்கு மேல் போனால் சிடிஎல் அல்லாத கிளாஸ் பி, கனமான டிரெய்லரோடு என்றால் கிளாஸ் ஏ எடுக்க வேண்டும். தொழிலுக்கு ஓட்டும்போது கணக்கு வேறு. டிரெய்லரின் எடை வரம்பு 10,000-ஐத் தாண்டி, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த வரம்பு 26,001 ஆகிவிட்டால் கிளாஸ் ஏ சிடிஎல் வேண்டும். எஃப்-550 வாங்கினாலும் 19,500-உம் 12,000-உம் சேர்ந்து 31,500 ஆகிறது, தப்ப முடியாது. மாறாக 26,000 வரம்புள்ள டிரக்கும் 10,000 வரம்புள்ள டிரெய்லரும் என்றால் சிடிஎல் தேவையில்லை. சின்ன ஸ்கிட் ஸ்டியருக்கு மாறலாமா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள், அது சேஸித் தேர்வையே மாற்றும். தொழில் நிமித்தம் மாநில எல்லை தாண்டினால் 10,001 பவுண்டிலிருந்தே யுஎஸ் டாட் எண் (மத்திய போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) வேண்டும். இன்சூரன்ஸையும் வீட்டு வண்டி என்று எழுதி வாங்கி வேலைக்கு ஓட்டாதீர்கள், விபத்தன்று அது கைகொடுக்காது.

அடுத்தது புகை விதி ஆண்டு. அமெரிக்க டீசலில் மூன்று கோடுகள் உண்டு. 2002 கடைசி முதல் 2004-க்குள் ஈஜிஆர் வந்தது, எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள் விடுவது. 2007-ல் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி வந்தது. 2010-ல் யூரியா தண்ணீரான டிஇஎஃப்-ஐப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் வந்தது. கோட்டைத் தாண்டிய முதல் இரண்டு மூன்று ஆண்டு இன்ஜின்களை, எந்தக் கம்பெனி ஆனாலும், சந்தேகத்தோடு பாருங்கள். என் கணிப்பில் மிக மோசமான காலம் 2007 முதல் 2010 வரை. டிபிஎஃப் இருந்தது, எஸ்சிஆர் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஈஜிஆரையே அளவுக்கு மீறி நம்பினார்கள். அதனால் கரி கூடியது, கரியை எரிக்க டீசல் கூடியது, சூடும் கூடியது. எஸ்சிஆர் வந்தபிறகு ஈஜிஆரின் சுமை குறைந்தது. 2013-க்குப் பிறகு வந்தவை பொதுவாகத் தேறிவிட்டன.

இன்ஜின்களுக்கு வருவோம். இதில்தான் பணம் தங்குவதும் போவதும்.

இன்டர்நேஷனலின் டிடி466, 7.6 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், வெட் லைனர், அதாவது வெளிப்புறம் கூலன்ட் சூழ்ந்த, கழற்றி மாற்றக்கூடிய சிலிண்டர் குழல். போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்தால் இன்ஜினை இறக்காமலே ஹெட்டையும் ஆயில் சம்பையும் கழற்றி, பழைய லைனரை உருவிப் புது லைனர், பிஸ்டன், ரிங் கிட் போடலாம். அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு. 1990-களின் நடுவில் வந்த டிடி466இ-யில் இன்ஜெக்டரை இயக்குவது உயர் அழுத்த இன்ஜின் ஆயில். ஆயில் மட்டம் குறைந்தாலோ, இன்ஜெக்டர் ஓ-ரிங் கசிந்தாலோ, உயர் அழுத்த பம்பு தளர்ந்தாலோ ஸ்டார்ட் ஆகாது, குறிப்பாகச் சூட்டில் நிறுத்தி மறுபடி போடும்போது. வெட் லைனருக்கு ஒரு பலவீனம் உண்டு. எரிப்பின் அதிர்வில் லைனரின் வெளிச்சுவரில் கூலன்ட் குமிழி தோன்றி உடைந்து, உலோகத்தைப் பொடிப்பொடியாக அரித்து, கடைசியில் ஊசி ஓட்டை விழுந்து ஆயிலில் தண்ணீர் கலக்கும். இதைத் தடுப்பது கூலன்டில் கலக்கும் நைட்ரைட் வகை மருந்து. வாங்குமுன் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ரேடியேட்டரில் நனைத்துப் பாருங்கள். பச்சைக் கூலன்டில் மருந்தே இல்லை என்று காட்டினால், விலை பேசும்போது லைனர் கிட்டையும் சேர்த்துப் பேசுங்கள்.

அதே குடும்பத்தின் பிள்ளை மேக்ஸ்ஃபோர்ஸ் டிடி. 2010 விதிக்கு எஸ்சிஆர் வேண்டாம், ஈஜிஆரை மட்டும் கூட்டிச் சமாளிக்கலாம் என்று இன்டர்நேஷனலின் தாய்க் கம்பெனி நேவிஸ்டார் எடுத்த முடிவு தோற்றது. 2012 ஜூலையில் அவர்களே கைவிட்டு, கம்மின்ஸின் எஸ்சிஆர் அமைப்புக்கு மாறினார்கள். இடைப்பட்ட வண்டிகளில் ஈஜிஆர் கூலர் வெடித்துக் கூலன்ட் போகும், கரி அடைக்கும். 2010 முதல் 2012 வரையான மேக்ஸ்ஃபோர்ஸ் போட்ட 4300 சந்தையில் மலிவாகக் கிடைக்கும். மலிவுக்குக் காரணம் இதுதான். 2013 கடைசி முதல் 4300-ல் கம்மின்ஸ் 6.7 வந்தது, அது போட்டதாகத் தேடுங்கள். இன்டர்நேஷனல் 4200-ல் வந்த விடி365 என்பது ஃபோர்டின் 6.0 லிட்டர் வி8-தான், அதைத் தொடாதீர்கள்.

கேட்டர்பில்லர் 3126, அதற்குப்பின் 2003 முதல் சி7. பெயருக்காகவே பலர் தேடுகிறார்கள். இரண்டிலும் லைனர் கிடையாது, பிளாக்கிலேயே துளைத்த போர். தேய்ந்தால் இன்ஜினை இறக்கி மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். 3126-உம் 2007-க்கு முந்திய சி7-உம் ஆயில் அழுத்த இன்ஜெக்டர்தான், ஆயில் பம்பு உடைந்தால் துகள் இன்ஜெக்டர் வரை போகும். 2010 விதிக்கு கேட்டர்பில்லர் சாலை இன்ஜினே செய்யவில்லை, அந்தச் சந்தையிலிருந்தே விலகிவிட்டது. பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நல்ல சர்வீஸ் பதிவோடு 2003-க்கு முந்திய 3126 கிடைத்தால் வாங்கலாம். பதிவு இல்லாமல் வேண்டாம்.

கம்மின்ஸ் பி வரிசை, 5.9, பிறகு 6.7. எங்கும் பாகம், எங்கும் மெக்கானிக். இதற்கும் லைனர் இல்லை. ஆனால் புதிதாக மறுகட்டமைத்த இன்ஜினே எளிதில் கிடைப்பதால் அது பெரிய குறை ஆகாது. ஆண்டு வாரியாகப் பார்க்க வேண்டியவை இவை. 12 வால்வு 5.9-ல் டைமிங் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு டவல் பின் அதிர்வில் நழுவி கியருக்குள் விழும், முன்மூடியைக் கழற்றி ஒரு தகடு வைத்து அடைத்தால் ஆயுசுக்கும் கவலை இல்லை. 1998 முதல் 2002 வரையான 24 வால்வில் விபி44 இன்ஜெக்ஷன் பம்பு. அதற்குப் போதிய டீசல் அழுத்தம் வராவிட்டால் செத்துப்போகும், ஆகவே டேங்கிலிருந்து டீசலை ஏற்றித்தரும் லிஃப்ட் பம்பின் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்க்காமல் அந்த ஆண்டு வண்டியை வாங்காதீர்கள். அதே காலத்துப் பிளாக்குகளில் சிலவற்றின் பக்கவாட்டில் 53 என்று வார்த்திருக்கும். அவற்றில் தண்ணீர்ச் சுவர் மெல்லியது, பிளாக் வெளியே விரிசல் விட்டுக் கூலன்ட் ஒழுகும். டார்ச் அடித்து எண்ணைப் பாருங்கள். 2003 முதல் 2006 வரையான காமன் ரெயில் (ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் அமைப்பு) 5.9 இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்தது. டிபிஎஃப் இல்லை, வலு உண்டு. செலவு வைப்பது இன்ஜெக்டர்தான், அதிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசல் அளவைச் சோதித்தால் தெரிந்துவிடும்.

6.7 லிட்டரில் நான்கு இடங்களைக் கவனியுங்கள். டர்போவின் உள்ளே நகரும் வளையம் கரி பிடித்து இறுகும். ஐட்லிங் வண்டிகளில் இது நிச்சயம் வரும். புகை வழியை நெருக்கி வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைத் தினமும் போட்டு ஓட்டினால் வளையம் அசைந்துகொண்டே இருந்து கரி ஒட்டுவது குறையும். இரண்டாவது, வால்வு கவர் மேல் இருக்கும் கிராங்க்கேஸ் பிரீதர் ஃபில்டர், இன்ஜினின் உள் அழுத்தம் வெளியேறும் வழியில் இருப்பது. இதை மாற்றவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அடைத்தால் உள் அழுத்தம் ஏறி, டர்போ சீல் வழியாக ஆயில் டிபிஎஃப்-க்குள் போய் அதையும் கெடுக்கும். மூன்றாவது, ஈஜிஆர் கூலர். நான்காவது, காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டர். ராம் டிரக்குகளில் அதன் போல்ட் முனை எரிந்து நட்டு உள்ளே விழுந்து ஆறாம் சிலிண்டரைச் சிதைத்த கேஸ்கள் பல. கழற்றி முனையின் இறுக்கத்தைப் பார்ப்பது சில மணி நேர வேலை, தவறவிட்டால் இன்ஜினே போகும்.

கம்மின்ஸ் சி, எல் வரிசைகள், அதாவது ஐஎஸ்சி 8.3, ஐஎஸ்எல் 8.9. இவை வெட் லைனர், உண்மையான கனரக டிரக்குக்குக் கிட்டத்தில் வருபவை. ஐஎஸ்எல்லில் சிலிண்டருக்குள்ளேயே அழுத்தம் பிடித்து வேகம் குறைக்கும் ஜேக் பிரேக்கும் உண்டு, 6.7-க்கு எக்ஸாஸ்ட் பிரேக் மட்டும்தான். டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த 38,000 பவுண்டை மலையிறக்கத்தில் இறக்குபவருக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. 1998 முதல் 2000-களின் தொடக்கம் வரையான ஐஎஸ்சியில் காப்ஸ் என்ற டீசல் பம்பு அமைப்பு. பழுதானால் விலை அதிகம், அதற்குப்பின் வந்த காமன் ரெயில் வகையையே தேடுங்கள்.

ஃபோர்டில் 6.0 (2003 முதல் 2007) ஆயில் கூலர் அடைத்து, அதனால் ஈஜிஆர் கூலர் காய்ந்து வெடித்து, அதனால் ஹெட் கேஸ்கட் தூக்கும். சிலிண்டருக்கு நான்கே ஹெட் போல்ட் என்பதால் தாங்காது. 6.4 (2008 முதல் 2010) டிபிஎஃப்-ஐ எரிக்க சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசல் விடும். அது சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும், பிஸ்டனும் விரிசல் விடும். 2011 முதலான 6.7 நல்ல இன்ஜின், அதன் சிபி4 டீசல் பம்பு மட்டும் அபாயம். உடைந்தால் இரும்புத்தூள் டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை பரவி, மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வைக்கும். டீசலில் தண்ணீர் என்று விளக்கு எரிந்தால் ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது. கோடியாக்கின் டியூராமேக்ஸ் நன்றாக ஓடும். 2001-2004 தலைமுறையில் இன்ஜெக்டர்கள் வால்வு கவருக்குக் கீழே இருப்பதால் மாற்றும் கூலி அதிகம். ஜிஎம் 2009-ல் அந்த டிரக்கையே நிறுத்திவிட்டது, அதற்கென்று தனியாகச் செய்த சேஸி பாகங்களைத் தேட வேண்டியிருக்கும். மெர்சிடீஸ் எம்பிஇ900 போட்ட எம்2 கெட்ட வண்டி அல்ல, ஆனால் அதைத் தெரிந்த மெக்கானிக் சிற்றூரில் கிடைப்பது அரிது.

டிபிஎஃப், டிஇஎஃப் உள்ள வண்டியை உங்கள் இரட்டை வேலைக்கு எப்படி நடத்துவது என்பதைச் சொல்லியாக வேண்டும். வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேற வேண்டும். வேலையிடத்தில் ஏசிக்காக மணிக்கணக்கில் ஐட்லிங் போட்டால் அது நடக்காது, கரி மட்டும் சேரும். இரவு ஏசிக்குத் தனி ஜெனரேட்டரோ பேட்டரியோ வையுங்கள், டிரக் இன்ஜினை வீட்டு மின்சாரத்துக்கு ஓட்டாதீர்கள். நிறுத்தி வைத்துச் செய்யும் ரீஜென் (வடிகட்டியின் கரியை எரித்துச் சுத்தம் செய்வது) வேண்டும் என்று வண்டி கேட்டால் உடனே செய்யுங்கள். காய்ந்த புல் மேல் மட்டும் வேண்டாம், அந்தப் புகைச் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும். டெக்சஸ் கோடையில் இது சாதாரண எச்சரிக்கை அல்ல. டிஇஎஃப் என்பது 32.5 சதவீத யூரியா. வெயிலில் மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால் தரம் கெடும், உப்புப் பிடித்து முனையை அடைக்கும். யூரியா அளவைக் காட்டும் ஒரு சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வைத்து, நெடும்பயணத்துக்கு முன் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். டேங்கிற்குள் இருக்கும் சென்சார் கெட்டால் இன்ஜின் முதலில் வலுவைக் குறைக்கும், பிறகு மணிக்கு 5 மைலுக்கு இறக்கிவிடும். இந்தக் கெடுபிடியைத் தளர்த்தும் வழிகாட்டுதலை 2025 ஆகஸ்டில் இபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்டது. உங்கள் இன்ஜினுக்கு அந்த மென்பொருள் வந்துவிட்டதா என்று டீலரிடம் கேளுங்கள். இதையெல்லாம் கழற்றி எறிந்த 'டெலீட்' வண்டி என்று யாராவது பெருமையாக விற்றால் நகர்ந்துவிடுங்கள். அது சட்டவிரோதம், திரும்பப் பொருத்தும் செலவு உங்கள் தலையில் விழும். இன்னொரு பக்கம், 2010-க்கு முந்திய இன்ஜின் போட்ட 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட வேலை டிரக்கைக் கலிபோர்னியாவில் ஓட்டுவது 2023 முதல் ஏறக்குறைய முடியாது. அந்தப் பக்கம் வேலை வருமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கியர்பாக்ஸில் அலிசன் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கம்பெனி) என்று மட்டும் கேட்டால் போதாது. ஏடி545 என்ற பழைய நான்கு கியர் வகைக்கு லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டுவது) கிடையாது. இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கடத்தும் டார்க் கன்வர்ட்டர் எப்போதும் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஏற்றத்தில் சூடேறும், டீசல் தின்னும். அதன் மேல் கியர் ஒன்றுக்கு ஒன்று, இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இல்லை. நகரத்துக்காக 5.29 விகித ஆக்சில் போட்ட டிரக்கில் டயர் மைலுக்கு 500 சுற்று என்று வைத்தால், 65 மைல் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,865 சுற்று சுற்ற வேண்டும். அந்த அளவு இன்ஜின்கள் நாள் முழுக்க அப்படி ஓடச் செய்தவை அல்ல. அதே ஆக்சிலில் 0.71 ஓவர்டிரைவ் உள்ள அலிசன் 2000 என்றால் 2,034-க்கு இறங்கும். ஆகவே கியர்பாக்ஸையும் ஆக்சில் விகிதத்தையும் சேர்த்தே கேளுங்கள். டிரெய்லர் இழுக்கும் உங்களுக்கு 2000 வரிசையைவிட 3000 வரிசை பொருத்தம். 3000-ல் பார்க் நிலை கிடையாது, நிறுத்தினால் பார்க்கிங் பிரேக்தான் பிடிக்கும். ஆயில் டிஇஎஸ்-295 அல்லது அதற்குப்பின் வந்த டிஇஎஸ்-668 தரம் மட்டும். ஆயில் சென்சார் உள்ள 3000-ல் மட்டத்தைப் பொத்தானிலேயே பார்க்கலாம். சமதளத்தில், சூடான நிலையில், நியூட்ரலில் நிறுத்தி, மேல் கீழ் அம்புப் பொத்தான்களை ஒருசேர அழுத்துங்கள். இரண்டு நிமிடம் எண்ணிவிட்டு ஓ எல், ஓ கே என்று காட்டினால் சரி.

பிரேக்கில் என் விருப்பம் ஏர் பிரேக். ஹைட்ராலிக் வண்டி மாதக்கணக்கில் நின்றால் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகும், பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், மலையிறக்கத்தில் கொதிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுபவருக்கே அது சரி. ஏர் பிரேக்கை வாங்குமுன் நீங்களே சோதிக்கலாம். டேங்க் நிறைந்ததும் இன்ஜினை அணைத்து, பெடலை முழுக்க அழுத்திப் பிடியுங்கள், ஒரு நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. பெடலை அடித்து அடித்துக் காற்றை இறக்கினால் 60 வாக்கில் எச்சரிக்கை வரவேண்டும், 20-க்கும் 45-க்கும் இடையில் பார்க்கிங் குமிழ் தானாக வெளியே வரவேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜினை முறுக்கினால் 85-லிருந்து 100 வர 45 விநாடிக்குமேல் ஆகக்கூடாது. அதற்குமேல் ஆனால், காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் தளர்ந்தது என்று பொருள். டேங்க் வடிகுழாயைத் திறந்தால் பால்போல ஆயில் வந்தாலும் அதே கதை. காற்றால் பிரேக்கைத் தள்ளும் டைப் 30 சேம்பரில் தடியின் நகர்வு 2 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தேய்மானத்துக்கேற்ப அந்த நகர்வைத் தானாகச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால் முறுக்கி ஒப்பேற்றியிருந்தால் உள்ளே வேறு பழுது இருக்கிறது.

சஸ்பென்ஷனில் ஒரு பொறி உண்டு. 21,000 பவுண்டுக்குச் செய்த இரும்பு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் 12,000 மட்டும் ஏற்றினால் பட்டை வளையாது, அடி முழுதும் வீட்டுக்குப் போகும். அலமாரிக் கீல், தண்ணீர்க் குழாய், சோலார் பலகை ஸ்க்ரூ எல்லாம் தளரும். பின்னால் ஏர் சஸ்பென்ஷன் உள்ள டிரக்கைத் தேடுங்கள். சேஸியின் அடிச்சட்டத்தில் ஓட்டை போடுமுன், வெல்டிங் வைக்குமுன், அந்தக் கம்பெனியின் பாடி பில்டர் (மேல்கட்டு கட்டுவோர்) கையேட்டைப் படியுங்கள். 120,000 பிஎஸ்ஐ வகைச் சூடேற்றிய இரும்புச் சட்டத்தில் வெல்டிங் சூடு பட்ட இடம் மென்மையாகி அங்கேயே பிளக்கும். மேல் கீழ் விளிம்புகளில் ஓட்டையே போடக்கூடாது, பக்கச் சுவரில் மட்டும். வீட்டைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டிவிடாமல் முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த பிடிப்புக் கொடுங்கள். டிரக் சட்டம் முறுக்கிக் கொடுக்கும் இயல்புடையது, வீடு முறுகாது. இறுக்கிப் பூட்டினால் முதலில் உடைவது வீட்டு மூலைகள்.

வண்டியின் பூர்வீகத்தை அறிய மைலை மட்டும் பார்க்காதீர்கள், இன்ஜின் மணியையும் கேளுங்கள். மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். 90,000 மைல், 6,000 மணி என்றால் சராசரி 15. நாளெல்லாம் நின்று ஓடிய பக்கெட் டிரக் (ஆளை உயரத்துக்குத் தூக்கும் வண்டி) அல்லது தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வண்டி. 1,80,000 மைல், 4,500 மணி என்றால் சராசரி 40, நெடுஞ்சாலையில் ஓடியது. இரண்டாவதை வாங்குங்கள், மைல் இரட்டிப்பு என்றாலும். கம்ப்யூட்டரிலிருந்து ஐட்லிங் மணியைத் தனியாக எடுக்க டீலரால் முடியும். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்-ஐக் கொடுத்தால் இன்டர்நேஷனல் டீலர் லைன் செட்டிங் டிக்கெட் தருவார், ஃப்ரெய்ட்லைனரிலும் அதேபோல் தயாரிப்புப் பட்டியல் கிடைக்கும். ஆக்சில், விகிதம், சட்டத்தின் தரம் எல்லாம் அதில் இருக்கும். பனி மாநிலத்து வண்டி என்றால் உப்பு தின்ற இடங்களைப் பாருங்கள். எம்2-வில் சட்டத்தின் மேல் இருக்கும் சேஸி மின் மாட்யூலின் இணைப்பிகளில் பச்சை பூத்திருந்தால் இனம்புரியாத விளக்குக் கோளாறுகள் தொடரும்.

பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், போனதும் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். ஆடித் தூக்கி எறியப்பட்டால் ரிங் தளர்ந்து உள்ளே காற்று தள்ளுகிறது. ஆயில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புங்கள், செலவு சொற்பம். சோடியம், பொட்டாசியம் ஏறியிருந்தால் கூலன்ட் கலக்கிறது. சிலிக்கான் ஏறியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டி மண் போகிறது. ஈயமும் செம்பும் என்றால் பேரிங். டீசல் கலப்பு என்றால் இன்ஜெக்டரோ ரீஜென் தொல்லையோ. அந்த அறிக்கை வருமுன் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு என் தேர்வு: 2013-க்குப் பிந்திய ஃப்ரெய்ட்லைனர் எம்2 106, ஐஎஸ்எல் 8.9 அல்லது ஐஎஸ்சி 8.3, அலிசன் 3000, ஏர் பிரேக், பின் ஏர் சஸ்பென்ஷன், 33,000 வரம்பு, கிளாஸ் ஏ சிடிஎல். சிடிஎல் வேண்டாம் என்றால் கம்மின்ஸ் 6.7 போட்ட 26,000 வகை எம்2 அல்லது 4300, கூடவே 10,000 டிரெய்லர். புகைக் கருவிகளே வேண்டாம், டெக்சஸ் பக்கம்தான் ஓட்டுவேன் என்றால் 2003-க்கு முந்திய டிடி466இ-யோடு எம்டி3060 (3000 வரிசையின் முந்திய பெயர்) அலிசன்.

வாங்கிய முதல் மாதத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆயில்கள், கூலன்ட், இரண்டு டீசல் ஃபில்டர்கள், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ், பெல்ட், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி அந்தத் தேதியிலிருந்து கணக்கு எழுதுங்கள். டயரின் பக்கச் சுவரில் பதித்த டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஏழு ஆண்டு தாண்டிய டயரை முன் ஆக்சிலில் வைக்காதீர்கள். வீட்டைக் கட்டி முடித்ததும் தண்ணீர், சாமான், டிரெய்லரோடு எடை மேடையில் ஏற்றி ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியே எடை போட்டு, டயர் கம்பெனியின் அட்டவணைப்படி காற்று வையுங்கள். வேலை இல்லாத மாதங்களில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், காலி டேங்கில் ஈரம் படிந்து டீசலில் பூஞ்சை வளரும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மை என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஈரத்தையும் கரியையும்தான் சேர்க்கும். மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம், முடிந்தால் டிரெய்லரோடு, ஓட்டிவிட்டு வந்து ஏர் டேங்குகளை வடித்து நிறுத்துங்கள்.